மூட முடியாத தண்ணீர்: காசர்கோடு எண்டோசல்பான், ஒரு நிகழ்வு ஆய்வு

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டி எண்மகஜே என்று ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. மலைச்சரிவும் கமுகுத் தோப்பும் செம்புரைக்கல் பாறையுமான பகுதி. அங்கே தண்ணீர் எடுப்பது நம் ஊர்க் கிணறு மாதிரி கிடையாது. ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு மலையைப் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போவார்கள். உள்ளே எங்கே ஊற்று கசிகிறதோ அங்கே நிறுத்துவார்கள். இதற்குச் சுரங்கம் என்றே பெயர். உள்ளிருந்து கசிந்து வரும் தண்ணீர் வாசலில் வெட்டிய தொட்டியில் சேரும். அங்கிருந்து, பிளந்து குடைந்த கமுகு மரத்தைக் குழாயாகப் போட்டு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோவார்கள். மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம். மேலே மலையில் பெய்யும் மழை கீழே வீட்டுக் குடத்தில் வந்து விழும், அவ்வளவுதான்.

அந்த மலைகளின் தலையில் முந்திரி நின்றது. கேரள அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரி, மாவட்டம் முழுக்கச் சேர்த்தால் 4,600 ஹெக்டேருக்கு மேல். 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை, ஹெலிகாப்டர் வந்து அந்த முந்திரிக்கு எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தது.

ஆகாயத்திலிருந்து தெளிக்கும்போது நீர்நிலைகளை மூட வேண்டும் என்பது விதி. கிணறு என்றால் ஓலையையோ தார்ப்பாயையோ போட்டு மூடலாம் என்று வைத்துக்கொள்வோம். ஓடையை எதைக்கொண்டு மூடுவது? மலையே கசிந்து தரும் சுரங்கத் தண்ணீரை எங்கே போய் மூடுவது? காசர்கோட்டைப் பற்றி எதைப் படித்தாலும் நான் இந்தக் கேள்விக்குத்தான் திரும்பி வருகிறேன். எண்டோசல்பான் நோய் தந்ததா இல்லையா என்று 20 ஆண்டுகளுக்கு மேல் குழுக்கள் போட்டு வாதாடினார்கள். ஆனால் அந்த நிலத்தில் அந்த மருந்தை அந்த முறையில் தெளிக்கவே கூடாது என்பதைச் சொல்ல எந்த ஆய்வகமும் தேவைப்படவில்லை. ஒரு நாள் அந்த மலையில் ஏறி இறங்கியிருந்தால் போதும்.

எதற்காகத் தெளித்தார்கள்

தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி. பெயரில்தான் கொசு, உண்மையில் அது ஒரு சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. முந்திரியின் இளந்தளிரிலும் பூங்கொத்திலும் பிஞ்சிலும் ஊசி போன்ற வாயைக் குத்தி உறிஞ்சும். குத்திய இடம் கறுத்துக் காயும். தாக்குதல் கடுமையான வருஷம் தோப்பைப் பார்த்தால் தீ பட்டது போலக் கருகி நிற்கும். எனவே தளிர்விடும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று, பிஞ்சு பிடிக்கும்போது ஒன்று என்று மூன்று தெளிப்பு. முந்திரி மரம் உயரமாகக் கிளைபரப்பும், நிலம் மேடும் பள்ளமும், கூலி ஆட்களை வைத்து இத்தனை ஆயிரம் ஹெக்டேரையும் தெளித்து முடிப்பது பெரிய வேலை. ஹெலிகாப்டர் என்றால் சில நாளில் முடிந்துவிடும். நிர்வாகக் கணக்கில் இதெல்லாம் நியாயமாகத்தான் தெரிந்திருக்கும்.

முந்திரித் தோப்பில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு ஒன்று உண்டு. நம் தென்மாவட்டங்களில் முசுறு என்பார்கள். கடித்தால் உயிர் போகும். முசுறு நிறைந்த மரத்தில் தேயிலைக் கொசு தலைகாட்டாது, அதைப் பிடித்துத் தின்றுவிடும். மேலிருந்து பொழிந்த மருந்து கொசுவையும் முசுறையும் தேனீயையும் பிரித்துப் பார்க்கவில்லை. தேனீ இல்லாத தோப்பில் பூ எப்படிக் காயாகும் என்ற கணக்கையும் யாரும் போட்ட மாதிரி தெரியவில்லை.

எண்டோசல்பான் 1950களில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனம் கொண்டுவந்த ஆர்கனோ குளோரின் வகை நஞ்சு. டி.டி.டி.யின் பெருங்குடும்பம்தான். மூளையிலும் நரம்பிலும் மின்துடிப்புகளை அடக்கி வைக்கும் ஒரு பிரேக் இருக்கிறது. காபா என்ற வேதிப்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. எண்டோசல்பான் அந்தப் பிரேக்கைப் பிடிக்க விடாமல் செய்கிறது. அதனால்தான் அதிக அளவில் உள்ளே போனால் வலிப்பு வருகிறது. மண்ணில் அது சிதையும்போது எண்டோசல்பான் சல்பேட்டாக மாறுகிறது. அது தாய்ப்பொருளைவிட நெடுநாள் தங்கும், நஞ்சும் குறையாது. கொழுப்பில் கரைவதால் பாலில் போய்ச் சேரும். மீனுக்கோ, மிகச் சிறிய அளவே போதும்.

எங்கள் ஊர்க்காட்டிலும் இந்த மருந்து தெளித்திருக்கிறோம். பருத்திக்கும் துவரைக்கும் என் அப்பா அடித்திருக்கிறார். வெறுங்கால், மடித்துக் கட்டிய வேட்டி, மூக்கில் ஒரு துண்டு. டேங்குக்கு இரண்டு மூடி என்பதுதான் அளவு. அடித்து முடித்துக் குப்பியை வாய்க்காலில் கழுவும்போது, கொஞ்ச தூரத்தில் கெண்டைக் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது வேடிக்கை. அந்தக் குப்பியில் மஞ்சள் முக்கோணம் போட்டிருந்தது.

அந்த முக்கோணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசர்கோட்டு விவகாரத்தின் பாதிக் குழப்பம் அதில் இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறம். சிவப்பு ஆகக் கொடியது, பச்சை ஆகக் குறைந்தது. எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? முக்கியமாக, ஒரே தடவையில் எவ்வளவு கொடுத்தால் சோதனை எலிகளில் பாதி சாகும் என்பதை வைத்து. ஆக, அந்த முக்கோணம் சொல்வது உடனடிச் சாவின் அளவை மட்டும்தான். சுரங்கத் தண்ணீரைக் குடித்து, அந்தத் தண்ணீரில் வளர்ந்த கீரையைத் தின்று, அந்தப் புல்லை மேய்ந்த மாட்டின் பாலைக் குடித்து, இருபது ஆண்டு துளித்துளியாக உள்வாங்கினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லாது. "அப்படி ஒன்றும் கொடிய விஷம் இல்லையே" என்று சொன்னவர்கள் எல்லோரும் இந்த உடனடிச் சாவின் கணக்கைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

முதலில் பார்த்தவர்கள்

பட்ரே என்ற ஊர் எண்மகஜே பஞ்சாயத்தில் இருக்கிறது. ஒரு கிண்ணம் போல நாலுபுறமும் மேடு, நடுவில் பள்ளத்தாக்கு. அதன் ஒரு பகுதிக்கு ஸ்வர்க என்று பெயர், சொர்க்கம்தான். அந்த ஊர்க்காரரான பத்திரிகையாளர் ஸ்ரீ பட்ரே, 1979 வாக்கிலேயே, ஊரில் கன்றுகள் கால் வளைந்து பிறப்பதைக் கவனித்து, தெளிப்போடு அதைச் சேர்த்துப் பார்த்தார். 1980களின் தொடக்கத்திலேயே எழுதவும் செய்தார். தெளித்த நாட்களில் தேனீக்களும் தவளைகளும் மீன்களும் செத்துக் கிடந்ததை ஊரே பார்த்தது. கன்றிலும் மீனிலும் தெரிந்த அந்த முதல் அறிகுறியை அரசாங்கம் அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை.

1982இல் வாணிநகரில் மருத்துவம் பார்க்கத் தொடங்கியவர் ஒய்.எஸ். மோகன்குமார். சின்ன ஊர். அங்கே மூளை வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு, பிறவிக் கோளாறு, புற்றுநோய், மனநோய், கருச்சிதைவு எல்லாம் இத்தனை வீடுகளில் ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. நோயாளிகளின் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். மலையடிவாரத்தில் ஓடும் கொடெங்கேரி ஓடையை ஒட்டிய வீடுகளாக வந்தன. 1997இல், இதற்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று ஒரு மருத்துவ இதழுக்கு எழுதினார். ஒரு கிராமத்து டாக்டர் நோட்டுப் புத்தகத்தில் செய்த அந்த வேலையைத்தான், பொது சுகாதாரத் துறை 20 ஆண்டுகளாகச் செய்திருக்க வேண்டும்.

தெற்கே பெரியாவில் லீலாகுமாரி அம்மா. இவர் வேளாண் துறையிலேயே உதவியாளராக வேலை பார்த்தவர். மருந்து, அளவு, தெளிப்பு என்பதெல்லாம் அவருக்கு அலுவலகப் பாடம். தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, ஹெலிகாப்டர் தன் வீட்டின் மேலும் கிணற்றின் மேலும் மருந்து பொழிந்துவிட்டுப் போவதை நேரில் பார்த்தார். வீட்டில் ஒவ்வொருவராக நோயில் விழுந்தார்கள். மனு மேல் மனு கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஹோஸ்துர்க் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1998இல் தடை கிடைத்தது. 2000 அக்டோபரில் அது நிரந்தரத் தடையானது. டெல்லி நிபுணர் குழுக்கள் கடைசிவரை சொல்லத் தயங்கியதை, கீழ்நிலை நீதிமன்றம் ஒன்று ஓர் அரசு ஊழியப் பெண்ணின் வழக்கில் முதலில் சொல்லிவிட்டது. என் வீட்டின் மேல் மருந்து தெளிக்க உனக்கு உரிமை இல்லை என்பது அவருடைய வழக்கு. எந்த நோய் எந்த மூலக்கூறால் வந்தது என்று அவர் நிரூபித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. இதைப் பலரும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

அந்த நிரந்தரத் தடைக்குப் பிறகும் 2000 டிசம்பர் இறுதியில் வடக்கே பட்ரே பக்கம் ஹெலிகாப்டர் வந்தது. அதுதான் கடைசி.

விதியும் நிலமும்

மரத்தின் தலைக்கு மேலே 2, 3 மீட்டர் உயரத்துக்குள் பறந்து தெளிக்க வேண்டும் என்பது நியமம். அப்போதுதான் மருந்து இலையில் விழும், காற்றில் அலையாது. பட்ரே போன்ற இடத்தில் இது நடக்காது. ஒரு சரிவில் மரத்தை ஒட்டிப் பறந்தால் அடுத்த நொடி எதிர்மேடு முன்னால் நிற்கும், இடையில் மின்கம்பி வேறு. விமானி உயரத்தான் போக வேண்டும். உயரப் போனால் பனிப்புகை போன்ற அந்தத் துளிகள் காற்று போன பக்கம் போகும். பள்ளத்தில் வீடு, பள்ளிக்கூடம், ஓடை, தொட்டி. தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே வேலிகூடப் பல இடங்களில் கிடையாது, ஏனென்றால் தோட்டத்துக்கு உள்ளேயும் ஓரத்திலும்தான் ஜனங்கள் குடியிருந்தார்கள். மீனுக்கும் தேனீக்கும் ஆபத்து என்று தெரிந்த மருந்தை, ஓடைகள் பிறக்கும் இடத்தில், பூக்கும் பருவத்தில் தெளித்தார்கள்.

தெளிப்பதற்கு முன்னால் அந்த ஊர்களில் எத்தனை பேருக்கு வலிப்பு, எத்தனை குழந்தைகள் குறையோடு பிறந்தன என்ற கணக்கெடுப்பு எதுவும் எடுக்கப்படவில்லை. பின்னால் அதையே ஓட்டையாகக் காட்டி, "முன்பு எப்படி இருந்தது என்று தெரியாதபோது அதிகமாகிவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். கணக்கு வைத்திருக்க வேண்டியவர்கள் தெளித்தவர்கள். வைக்காத கணக்கின் பாரம், படுக்கையில் கிடந்த குழந்தையின் அம்மா தலையில் ஏற்றப்பட்டது.

ஆய்வுகள்

2001இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பட்ரேயில் தண்ணீர், மண், காய்கனி, பசும்பால், தாய்ப்பால், மனித ரத்தம் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துச் சோதித்தது. எண்டோசல்பான் எச்சம் இருப்பதாக அறிவித்தது. நாடு திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான். தோட்டக் கழகம் பதிலுக்கு ஓர் ஆய்வு செய்யச் சொன்னது. அதைச் செய்தது சென்னைக்குப் பக்கத்தில் படப்பையில் உள்ள ஆய்வகம். ரத்தத்திலும் தண்ணீரிலும் எச்சம் இல்லை என்று அது சொன்னது. இரண்டு ஆய்வகம், இரண்டு முடிவு. அப்போது மூன்றாவதாக ஒருவர் வந்து பார்ப்பதுதான் முறை.

அப்படி வந்தது அகமதாபாதின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குவது. தோட்டத்தின் அடிவாரத்து ஊரிலிருந்து 10 முதல் 19 வயதுக்குட்பட்ட 117 பையன்களையும், தெளிப்பு நடக்காத ஊரிலிருந்து 90 பையன்களையும் ஒப்பிட்டது. கடைசித் தெளிப்பு முடிந்து ஏறக்குறைய 10 மாதம் ஆகியிருந்தது. அப்போதும் அடிவாரத்துப் பையன்களின் ரத்த நீரில் சராசரி எண்டோசல்பான் 7.47 பி.பி.பி., அதாவது நூறு கோடியில் 7.47 பங்கு. மற்ற ஊரில் 1.37. பருவ வளர்ச்சி அடிவாரத்துப் பையன்களுக்குத் தாமதப்பட்டிருந்தது, ஹார்மோன் அளவுகளிலும் வேறுபாடு. 2003இல் இது சர்வதேச இதழ் ஒன்றில் வெளியானது. எண்ணிக்கை சிறியது, எல்லோரும் சோதனைக்கு ஒத்துழைக்கவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். நேர்மையான ஆய்வு அப்படித்தான் எழுதும்.

10 மாதத்துக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடப் பையனின் ரத்தத்தில் அந்த மருந்து என்ன செய்துகொண்டிருந்தது? அவன் தோட்டத்தில் வேலை செய்தவன் இல்லை. மருந்து அடித்தவனும் இல்லை. சோறும் தண்ணீரும் பாலும் மண்ணும் காற்றும் தவிர வேறு வழி ஏது? உணவில் எச்சம் என்று நாம் பேசும்போது சந்தைக் காயைப் பற்றித்தான் பேசுகிறோம். காசர்கோட்டில் ஒரு பள்ளத்தாக்கின் சாப்பாடு முழுக்கவே எச்சமாகிவிட்டது. முந்திரிப்பருப்போ கப்பலேறிப் போய்விட்டது.

இதற்குப் பிறகும் மத்திய அரசு துபே குழு, மாயி குழு என்று இரண்டு குழுக்களைப் போட்டது. துபே குழு, நோய்களுக்கும் எண்டோசல்பானுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. இன்றைக்கும் வேளாண் விஞ்ஞானிகள் சிலர் அப்படியே சொல்கிறார்கள். அவர்கள் வாதத்தில் ஒரு பகுதி எனக்கு நியாயமாகவே படுகிறது. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரின் நோய்க்கும் எண்டோசல்பான்தான் காரணம் என்று யாராலும் காட்ட முடியாது. புற்றுநோயும் மூளை வளர்ச்சிக் குறைபாடும் எல்லா ஊரிலும் உண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்வது போன்ற காரணங்களும் இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் நின்று "ஆகவே குற்றம் இல்லை" என்று முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வலிப்பு உண்டாக்கும் என்று பாடப்புத்தகத்திலேயே உள்ள ஒரு நஞ்சை, விதி மீறி, குடிதண்ணீர் மேல் இருபது ஆண்டு தெளித்தால், சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும்? ரத்தத்தில் 7.47 இருந்த பையனுக்குத்தான்.

தடை வந்த வழி

கேரளத்தில் 2000களின் தொடக்கத்தில் நீதிமன்ற நிறுத்தம், 2005இல் அந்த மாநிலத்துக்கு மட்டும் தடை. மற்ற மாநிலங்களில் விற்பனை நடந்தது. தமிழ்நாட்டில் நாமும் வாங்கி அடித்துக்கொண்டிருந்தோம். ஏலூரில், அதாவது கேரளத்திலேயே, மத்திய அரசு நிறுவனம் ஒன்று அதைத் தயாரித்தும் வந்தது. 2010 டிசம்பர் 31 அன்று தேசிய மனித உரிமை ஆணையம், இறந்தவர் குடும்பங்களுக்கும் முழுக்கப் படுக்கையில் இருப்பவர்களுக்கும் மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கும் குறைந்தது 5 லட்சம் ரூபாய், மற்ற ஊனங்களுக்கு 3 லட்சம் என்று பரிந்துரைத்தது.

2011 ஏப்ரலில் ஜெனீவாவில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் கூடின. அழியாமல் தங்கும் நஞ்சுகளை உலகத்திலிருந்தே ஒழிப்பதற்கான உடன்படிக்கை அது. எண்டோசல்பானை அந்தப் பட்டியலில் சேர்ப்பதை எதிர்த்து நின்ற நாடு இந்தியா. அதே வாரம் கேரள முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் தடை வேண்டித் திருவனந்தபுரத்தில் ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் 29 அன்று சில பயிர்களுக்குக் காலவரையறையோடு விலக்கு கொடுத்து உலகத் தடை முடிவானது. இரண்டு வாரம் கழித்து, மே 13 அன்று, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தயாரிப்பையும் விற்பனையையும் பயன்பாட்டையும் நிறுத்தியது. பட்ரேயில் கன்றுகள் கால் வளைந்து பிறந்து அப்போது 30 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பணம்

2017 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று கேரள அரசுக்குச் சொன்னது. 2022 மே மாதம் வழக்கு திரும்ப வந்தபோது, 3,704 பேரில் முழுத்தொகை பெற்றவர்கள் 8 பேர் என்று தெரிந்தது. யார் அந்த 8 பேர்? வழக்குப் போட்டவர்கள். நீதிமன்றப் படி ஏறியவருக்குக் கிடைத்தது, ஏற முடியாதவருக்குக் கிடைக்கவில்லை. எழுந்து உட்காரவே முடியாத பிள்ளைகளின் வீட்டிலிருந்து எத்தனை பேரால் டெல்லிவரை போக முடியும்? நீதிபதிகள் கண்டித்த பிறகுதான் பணம் வேகமாக நகர்ந்தது.

இதற்கு நடுவில் தாய்மார்கள் திருவனந்தபுரத்துக்குப் போனார்கள். மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு. 2019 ஜனவரி கடைசியில், பெரிய தலையும் சுருங்கிய கைகால்களுமாக இருந்த பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு தலைமைச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். 2022 அக்டோபரில் சமூகப் பணியாளர் தயாபாய், எண்பது வயதைத் தாண்டிய பெண், அதே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார். கோரிக்கையில் முக்கியமானது பணம்கூட இல்லை, மாவட்டத்திலேயே தகுந்த சிகிச்சை. வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கர்நாடகத்து மங்களூருக்கு ஓட வேண்டிய நிலை. 2020இல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோது காசர்கோட்டு நோயாளிகள் மங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் இறந்தார்கள்.

பணத்தைவிடத் தாய்மார்களை அரிக்கும் கவலை வேறு. 30 வயதுப் பிள்ளைக்கு இன்னும் சோறு ஊட்டி, மலம் துடைத்து, பக்கத்திலேயே படுக்கும் அம்மாவுக்கு 60 வயதாகிறது. தனக்குப் பிறகு யார் என்ற கேள்வியை அவர்கள் ஒவ்வொரு போராட்டத்திலும் கேட்டிருக்கிறார்கள். பெரியா, முளியார் போன்ற இடங்களில் பட்ஸ் பள்ளிகள் இந்தப் பிள்ளைகளுக்காக நடக்கின்றன. பகலில் சில மணி நேரம் அம்மாவின் கை ஓயும். ராத்திரிக்கு அவளேதான். இதற்கு மேல் யார் பாதிக்கப்பட்டவர் என்ற பட்டியல் சண்டை. 2011 அக்டோபருக்குப் பிறகு பிறந்தவர்களைச் சேர்க்க முடியாது என்று அரசு கெடு வைத்தது, எதிர்ப்பு கிளம்பியது. நஞ்சு சிதைய எடுத்துக்கொள்ளும் நாளைக் கணக்கிட்டு வைத்த கெடு என்பார்கள். தாயின் உடம்பில் அது எத்தனை நாள் இருக்கும் என்ற கணக்கு அந்தக் கெடுவில் எங்கே வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நம் காடுகள்

எண்டோசல்பான் போய்விட்டது. அது போன இடத்தில் வேறு குப்பிகள் வந்தன. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று அதற்கு வெகு முன்பே விதி வந்துவிட்ட மருந்து அது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அடித்த மருந்து முகத்துக்கும் கண்ணுக்கும் திரும்பி வந்து விழுந்திருக்கிறது. அப்போதும் முதலில் எழுந்த பேச்சு, விவசாயிகள் முகமூடி போடவில்லை என்பது. 40 டிகிரி வெயிலில், ரப்பர் கையுறையும் முழு உடுப்பும் போட்டுக்கொண்டு, ஓர் ஏக்கர் அடித்துக் காட்டச் சொல்ல வேண்டும் அப்படிப் பேசுபவர்களை. போட முடியாத உடுப்பைப் போடச் சொல்லும் விதியும், மூட முடியாத தண்ணீரை மூடச் சொன்ன விதியும் ஒரே ரகம்தான். விதியைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டால், பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் கீழே நிற்பவர் பொறுப்பாகிவிடுகிறார்.

சாப்பிடும் நமக்கு நேராக வந்து சேரும் விதி ஒன்று இருக்கிறது, காத்திருப்புக் காலம். மருந்து அடித்த நாளுக்கும் காய் பறிக்கும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்பது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பயிருக்கும் அது வேறு. கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழு விழுந்துவிட்டால் வாரம் ஒரு அடி அடிக்காமல் காய் நிற்காது என்பார்கள். கத்தரியை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும், விட்டால் முற்றி விலை போகாது. 7 நாள் காத்திரு என்று தாளில் எழுதியிருந்தால், அந்த விவசாயி ஒரு பறிப்பை முழுசாகக் குப்பையில் கொட்ட வேண்டும். அவர் கொட்டுவாரா? கொட்டினால் அந்த நட்டத்தை யார் கொடுப்பார்கள்?

போன சித்திரையில் கத்தரிக்கு மருந்து வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். பூச்சி துளைத்த கத்தரி ஒன்றைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கடைக்காரர் காயைப் பார்த்துவிட்டு இரண்டு குப்பிகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் கலந்து அடிங்க, டேங்குக்கு ஒன்றரை மூடி.

"பறிக்க எத்தன நாளாகணுமுங்க?"

"நாளைக்கழிச்சே பறிங்கண்ணா, ஒண்ணும் ஆகாது."

குப்பியின் கழுத்தில் ரப்பர் போட்டுக் கட்டியிருந்த துண்டுத்தாளை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். பல மொழிகளில், எறும்பு வரிசை போன்ற எழுத்து. தமிழ்ப் பகுதியைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமானது. கத்தரி என்ற பெயரே அதில் இல்லை. பருத்திக்கும் நெல்லுக்கும் பரிந்துரைத்த மருந்து. பெரியவரிடம் சொன்னேன். "பருத்திக்கு நல்லாக் கேட்டுதுங்க தம்பி, அதான் இதுக்கும்" என்றார். தாளை என்னிடமிருந்து வாங்கி, குப்பியைச் சுற்றி மறுபடி ரப்பரைப் போட்டு, துளைத்த கத்தரியோடு சேர்த்தே துண்டில் முடிந்துகொண்டார். மறுநாள் சந்தை நாள்.